வீட்டுல சண்டை, கிளாஸ்ல தூக்கம்: நான் சோம்பேறியா?

கேள்வி, ஜூலை 2, மாலை 6:10

வயசு 16, பதினொண்ணாவது படிக்கிறேன். அம்மாவும் அப்பாவும் நேரடியா பேசி நாலு மாசம் ஆச்சு, எல்லாம் என் வழியாத்தான். தப்பித் தவறி பேசிட்டா சண்டை, அது நைட்டு ஒரு மணி வரைக்கும் போகும். முதல் பீரியட்ல தூங்கி விழறேன், டீச்சர் சோம்பேறின்னு பேர் வச்சிட்டாங்க. ஃப்ரெண்ட்ஸ் வீட்டுக்கு வரேன்னா ஒவ்வொரு தடவையும் ஒரு பொய் சொல்லித் தட்டிக் கழிப்பேன், இப்ப அவங்க கேக்கிறதையே விட்டுட்டாங்க. கஷ்டப்பட்ட வீட்டுப் பசங்கதான் நல்லா வருவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு மட்டும் ஏன் மார்க் இறங்கிட்டே போகுது? நான் நெஜமாவே சோம்பேறியா?

பதில், ஜூலை 2, இரவு 11:52

இல்ல. தூங்கப் போறதுக்கு முன்னாடி இத மட்டும் சொல்லிட்டுப் போறேன், மீதிய நாளைக்கு எழுதறேன். சோம்பேறிக்கு இவ்வளவு வேலை இருக்காதும்மா. நீ தினம் ரெண்டு ஷிஃப்ட் பாக்குற. பகல்ல ஸ்கூல், ராத்திரி காவல்.

ஜூலை 3, காலை 7:15

"காவல்"னு தூக்கக் கலக்கத்துல எழுதிட்டேன், காலைல படிச்சா அதுதான் சரியான வார்த்தைன்னு படுது.

என் வீடும் இப்படித்தான் இருந்துச்சு, எனக்கு 13 வயசுலருந்து 17 வரைக்கும். கணக்கு புக்க விரிச்சு வச்சு உக்காந்திருப்பேன், கண்ணு புக்குல இருக்கும், காது வாசல்ல இருக்கும். அப்பா செருப்பு கழட்டுற சத்தத்துலேயே அன்னிக்கு ராத்திரி எப்படின்னு தெரிஞ்சிடும். உதறித் தள்ளினாருன்னா வெறும் அசதி, பயமில்ல. ஒண்ணு ஒண்ணா கழட்டி, சுவத்தோரமா ஜோடி சேத்து வச்சாருன்னா தொலைஞ்சோம். அதுக்கப்புறம் கணக்காவது ஒண்ணாவது. மூணு மணி நேரம் கழிச்சு எந்திரிச்சா அதே பக்கம்தான் இருக்கும், ஓரத்துல பேனாவால போட்ட கட்டம் கட்டமான கிறுக்கல் மட்டும் கூடியிருக்கும். இதுல அம்மா வேற வர்றவங்க போறவங்ககிட்ட "என் பொண்ணு உக்காந்தா மூணு மணி நேரம் அசைய மாட்டா"ன்னு பெருமை பேசுவாங்க.

சேத் போலாக்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் இருக்கார். 2002ல வந்த அவங்க ஆராய்ச்சி ஒண்ணுல, மங்கலான முகப் படத்த கொஞ்சம் கொஞ்சமா தெளிவாக்கிக்கிட்டே போய் பசங்ககிட்ட இது என்ன உணர்ச்சின்னு கேக்கிறாங்க. வீட்டுல அடி வாங்கி வளந்த பசங்க, படம் முழுசா தெளியறதுக்கு முன்னாடியே கோபத்த கண்டுபிடிச்சிடுறாங்க, மத்த பசங்களுக்கு அதுக்கு இன்னும் தெளிவான படம் தேவைப்படுது. எங்க வீட்டுல அடி இல்ல, வாய்தான். அதனால அந்த முடிவ அப்படியே எனக்குப் பொருத்திக்க மாட்டேன். ஆனா செருப்பு சத்தத்துல வானிலை அறிக்கை வாசிச்ச ஆளுங்கிற முறைல, அத படிச்சப்ப சிரிப்பும் வரல, ஆச்சரியமும் வரல.

இந்த வேலைக்கெல்லாம் மூளை வேணும். அதே மூளையத்தான் டீச்சர் முதல் பீரியட்ல கேக்கிறாங்க.

ஜூலை 3, மதியம் 1:40

கீழ ஒருத்தர் "ஃபோன தூக்கி உள்ள வச்சா தூக்கம் தானா வரும்"னு எழுதியிருக்கார். சார், அவ பக்கத்து ரூம்ல ரெண்டு பேர் கத்திட்டிருக்காங்க. அவங்கள எங்க தூக்கி வைக்கிறது?

ஜூலை 3, இரவு 10:30

சரி, அந்த சார்கிட்ட வெடுக்குன்னு பேசிட்டேன். தூக்கத்தப் பத்தி ஒழுங்கா எழுதறேன்.

பருவ வயசுல தூக்கம் வர்ற நேரமே தள்ளிப் போயிடும். மெலடோனின்னு ஒரு ஹார்மோன்தான் உடம்புக்கு ராத்திரி ஆயிடுச்சுன்னு சொல்லும், இந்த வயசுல அது சுரக்கிறது ரெண்டு மணி நேரம் வரைக்கும்கூட லேட்டாகும். அதனால பதினோரு மணிக்கு முன்னாடி தூக்கம் வரலன்னா அது திமிர் இல்ல, உடம்பு அப்படி. அதே சமயம் 13லருந்து 18 வயசு வரைக்கும் 8லருந்து 10 மணி நேரத் தூக்கம் வேணும்னு தூக்க மருத்துவர்கள் சொல்றாங்க. ரெண்டையும் கூட்டிப் பாத்தா காலைல மணி எங்கயோ போயிடும். இந்தக் கணக்கு இடிக்குதுன்னுதான் 2014ல அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு, இந்த வயசுப் பசங்களுக்கு ஸ்கூலை எட்டரைக்கு முன்னாடி ஆரம்பிக்காதீங்கன்னு சொல்லிச்சு.

இதெல்லாம் அமைதியான வீட்டுப் பசங்களுக்கே. உனக்கு சண்டை ஒரு மணிக்கு முடியுதுன்னா அந்த நிமிஷமே தூங்கிடுவியா என்ன? நெஜமா அடங்கிடுச்சா, இல்ல தண்ணி குடிக்கப் போயிருக்காங்களான்னு இன்னும் அரை மணி நேரம் கேட்டுட்டுப் படுத்திருப்ப. அப்ப மிஞ்சிறது அஞ்சு மணி நேரம்தான். முதல் பீரியட்ல நீ தூங்காம இருந்தாத்தான் டாக்டருக்குக் காட்டணும்.

அந்தக் காலத்துல நான் பண்ண ஒரே உருப்படியான காரியம், ஹோம்வொர்க்க வீட்டுக்குக் கொண்டு போறத நிறுத்தினது. ஸ்கூல் விட்டதும் காலி கிளாஸ்ரூம்ல உக்காந்துடுவேன், கூட்டற அக்கா வந்து பெஞ்ச நகத்துற வரைக்கும், ஒரு 50 நிமிஷம் கிடைக்கும். அந்த 50 நிமிஷம் காதுக்கு லீவு. வீட்டுல மூணு மணி நேரத்துல நகராத பக்கம் அங்க நகரும்.

ஜூலை 4, இரவு 9:05

தூது போற விஷயம். இத ரொம்ப பேர் கவனிக்காம தாண்டிட்டாங்க, எனக்கு இதுதான் பெருசா தெரியுது.

எங்க வீட்டுல நான் தூதர் மட்டும் இல்ல, மொழிபெயர்ப்பாளரும்தான். அம்மா சொல்றது: "அந்த மனுஷனுக்கு கல்யாணத்துக்கு வர்ற நெனப்பு இருக்கா இல்லையான்னு கேளு." நான் போய் சொல்றது: "அப்பா, கல்யாணத்துக்கு எத்தன மணிக்குக் கிளம்பலாம்னு அம்மா கேக்கிறாங்க." அப்பா சொல்றது: "நான் வந்தா உங்கம்மாவுக்குத்தான் அவமானமாச்சே." நான் திரும்பிப் போய் சொல்றது: "அப்பாவுக்கு வேலை இருக்காம், முடிஞ்சா வரேன்னாங்க." ரெண்டு பக்கமும் முள்ள எடுத்துட்டுத்தான் கொடுப்பேன். ஒரு கட்டத்துல அப்பாவுக்கே சந்தேகம் வந்து "உங்கம்மா இப்படியெல்லாம் பேசற ஆளு இல்லையே"ன்னு கேட்டார். வேலைல அளவுக்கு மீறி திறமை காட்டினா இப்படித்தான் மாட்டிக்குவோம்.

சிரிப்பா எழுதிட்டேன், ஆனா அப்ப சிரிப்பா இல்ல. நான் ஒரு வார்த்தைய தப்பா மாத்தி சொன்னதுல ஒரு தடவ பெரிய சண்டையாயிடுச்சு, அது என்னாலதான்னு ரெண்டு வருஷம் நம்பினேன். ரெண்டு வருஷம். அந்த வார்த்தை என்னன்னு இப்ப ஞாபகம்கூட இல்ல.

"இத நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க"ன்னு சொல்ற தைரியம் எனக்கு கடைசி வரைக்கும் வரல. உனக்கு வருமான்னு தெரியல. கத்தி சொல்ல வேணாம், காரணம் சொல்ல வேணாம், "எனக்கு டெஸ்ட் இருக்கு, நீங்களே சொல்லிடுங்க" அவ்வளவுதான். சொல்ல முடியலன்னாலும் ஒண்ணும் கெட்டுப் போகல.

ஜூலை 5, காலை 6:50

"கஷ்டத்துல வளந்தவன்தான் ஜெயிப்பான், எங்க தாத்தாவையே எடுத்துக்கோங்க" அப்படின்னு நீளமா ஒரு பதில் வந்திருக்கு. தாத்தாவுக்கு வணக்கம். ஆனா ஜெயிச்ச தாத்தாக்கள்தான் கதையா பேரன் வரைக்கும் வர்றாங்க, தோத்தவங்க கதைய யாரும் சொல்றதில்ல.

இத ஒழுங்கா எண்ணிப் பாத்த ஒரு ஆராய்ச்சி இருக்கு. எம்மி வெர்னர், ரூத் ஸ்மித்னு ரெண்டு பேர், ஹவாய்ல கவாய் தீவுல 1955ல பிறந்த 698 குழந்தைகள பல பத்து வருஷம் விடாம தொடர்ந்து பாத்தாங்க. ரொம்ப மோசமான சூழல்ல வளந்த பசங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு நல்லபடியா வளந்துச்சு. மேடைப் பேச்சுல எல்லாரும் இத்தோட நிறுத்திக்குவாங்க. மிச்ச ரெண்டு பங்குக்கு பதினெட்டு வயசுக்குள்ள படிப்பு, மனசு, போலீஸ் கேஸுன்னு ஏதோ ஒண்ணு வந்திருக்கு, அதுலயும் நெறைய பேர் அப்புறம் முப்பது நாப்பது வயசுல தேறியிருக்காங்க. அந்த ஒரு பங்குகிட்ட அடிக்கடி தெரிஞ்ச விஷயம், மாறாம கூட நின்ன பெரியவங்க ஒருத்தராவது இருந்தது. பாட்டியா இருக்கலாம், டீச்சரா இருக்கலாம், பெத்தவங்களாத்தான் இருக்கணும்னு இல்ல.

அதனால ஒரு டீச்சர்கிட்ட போய் எல்லாத்தையும் சொல்லிடும்மா. உன்ன சோம்பேறின்னு சொன்னவங்க வேணாம், வேற ஒருத்தர்கிட்ட.

ஜூலை 6, இரவு 12:20

நேத்து கடைசில எழுதினத அழிச்சிடலாமான்னு பாத்தேன், இருக்கட்டும், இங்க திருத்திடறேன். "எல்லாத்தையும் சொல்லிடு"ன்னு எழுதினது தப்பு. அதுவும் நான் எழுதியிருக்கவே கூடாது, ஏன்னா எனக்கே அது எப்படி முடிஞ்சதுன்னு தெரியும்.

பத்தாவதுல ஒரு டீச்சர்கிட்ட அழுது எல்லாத்தையும் கொட்டினேன். ரொம்ப நல்ல மனுஷி, இன்னிக்கும் அதுல சந்தேகமே இல்ல. அந்த நல்ல மனசோட அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்ல அம்மாவ தனியா கூப்பிட்டு "வீட்டுல கொஞ்சம் பாத்துக்கோங்க, குழந்த பாவம்"னு சொல்லிட்டாங்க. திரும்பி வர்ற வழி முழுக்க அம்மா ஒரு வார்த்தை பேசல. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் பையக்கூட கீழ வைக்காம "ஊருக்கெல்லாம் சொல்லிட்டியா"ன்னு கேட்டாங்க. அன்னிக்கு ராத்திரி அம்மாவும் அப்பாவும் பல மாசம் கழிச்சு ஒரே கட்சில இருந்தாங்க, எனக்கு எதிரா.

அதனால மாத்தி சொல்றேன். யார்கிட்ட சொல்றதா இருந்தாலும் முதல்ல ஒண்ணு கேளு: "நான் ஒரு விஷயம் சொன்னா யார்கிட்ட சொல்வீங்க, என்ன பண்ணுவீங்க?" ஸ்கூல்ல கவுன்சலர் இருந்தா அவங்ககிட்டயும் இதே கேள்விதான். நல்ல கவுன்சலர்னா இத கேட்டா கோபப்பட மாட்டாங்க, எதெல்லாம் ரகசியமா இருக்கும், எது வந்தா மேல சொல்லியே ஆகணும்னு ஆரம்பத்துலயே சொல்லிடுவாங்க. உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா அவங்க சொல்லித்தான் ஆகணும், அதுல தப்பில்ல. மத்தபடி முதல் நாளே முழுக் கதையும் வேணாம். "வீட்டுல ராத்திரி தூங்க முடியல, முதல் பீரியட் கஷ்டமா இருக்கு", இவ்வளவு போதும். அவங்க அத வச்சு என்ன பண்றாங்கன்னு பாத்துட்டு அடுத்தத சொல்லு.

ஜூலை 9, மாலை 5:30

யாரோ ஒரு புண்ணியவான், சின்ன வயசுல பட்ட கஷ்டங்கள எண்ணி மார்க் போடற அந்த "ஏஸ் ஸ்கோர்" கேள்வித்தாள இங்க போட்டு, நம்ம பொண்ணு அத நிரப்பி 6 வந்திருக்குன்னு பயந்து போய் எழுதியிருக்கா. அத போட்டவர் மேல எனக்கு செம கோபம்.

அது என்னன்னா, 1995லருந்து 97 வரைக்கும் அமெரிக்காவுல 17,000க்கும் அதிகமான பெரியவங்ககிட்ட சின்ன வயசு கஷ்டங்களப் பத்திக் கேட்டு, அதுக்கும் பிற்கால உடல்நலத்துக்கும் சம்பந்தம் இருக்கான்னு பாத்தாங்க. ஃபெலிட்டி, ஆண்டான்னு ரெண்டு டாக்டர்கள் தலைமைல நடந்தது, 1998ல முதல் கட்டுரை வந்துச்சு. எண்ணிக்கை கூடக்கூட நோய்க்கான வாய்ப்பும் கூடுதுன்னு தெரிஞ்சது. ஆனா அது கூட்டத்தப் பத்தின கணக்கு. தனி ஒரு ஆளுக்கு எதிர்காலத்துல என்ன ஆகும்னு பாக்க இந்த ஸ்கோரைப் பயன்படுத்தாதீங்கன்னு அந்த ஆண்டாவே 2020ல எழுதியிருக்கார். ஒரு கஷ்டம் எத்தன நாள் இருந்துச்சு, எவ்வளவு கடுமையா இருந்துச்சுன்னு அதுல கேக்கிறதே இல்ல. பக்கத்துல ஒரு பாட்டி இருந்தாங்களான்னும் கேக்கிறதில்ல.

6ங்கிறது உன் ஜாதகம் இல்லம்மா. மூடி வச்சிடு.

ஜூலை 10, இரவு 10:45

இந்த இழைய என் தம்பிக்கு அனுப்பி வச்சேன். படிச்சிட்டு ஃபோன் பண்ணான். எனக்கும் அவனுக்கும் ஏழு வயசு வித்தியாசம், அந்த சண்டைக் காலத்துல அவன் ரொம்ப சின்னப் பையன். நான் இங்க எழுதாத ஒண்ணு இருக்கு, நான் ரகசியமா பெருமப்பட்டுட்டிருந்த விஷயம் அது. சத்தம் ஆரம்பிச்சா உடனே ரேடியோவ கூட்டி வச்சிட்டு அவன்கூட விளையாடுவேன், அவன் காதுல எதுவும் விழாம பாத்துக்கிட்டேன்னு இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேன்.

"அக்கா, அவங்க கத்தறது எனக்கு பாதி கேக்கவே கேக்காது. நீ ரேடியோவ கூட்டுவ பாரு, அப்பத்தான் ஐயோ ஆரம்பிச்சிடுச்சுன்னு வயித்த பிசையும்."

இன்னிக்கும் அவன் கார்ல பாட்டு போட்டா சத்தத்த அவன்தான் வைப்பான், பக்கத்துல இருக்கிறவங்க கை நீட்டினா எரிஞ்சு விழுவான். நான் அது அவனோட குணம்னு கிண்டல் பண்ணியிருக்கேன்.

என்ன எழுதறதுன்னு தெரியல. நாளைக்குப் பாக்கலாம்.

ஜூலை 11, காலை 8:00

ஒண்ணு விட்டுப் போச்சு. ஃபோன வைக்கிறப்ப "ஆனா நீ கூட விளையாடினது பிடிச்சிருந்துச்சு"ன்னும் சொன்னான். அத நேத்து வேணும்னே எழுதாம விட்டேன்னு நெனைக்கிறேன், என்ன நானே திட்டிக்கிறதுக்கு வசதியா.

ஜூலை 14, மதியம் 3:20

ஃப்ரெண்ட்ஸ் கேள்விக்கு நான் இன்னும் பதிலே சொல்லலன்னு ஒருத்தங்க சரியா பிடிச்சிட்டாங்க. தள்ளிப் போட்டதுக்குக் காரணம் இருக்கு, அதுக்கு நான் ஒரு ஆளுக்கு ஃபோன் பண்ண வேண்டியிருந்தது.

ஸ்கூல்ல எனக்கு ஒருத்திதான் நெருக்கம். நாலு வருஷத்துல அவ வீட்டுக்கு நான் நூறு தடவ போயிருப்பேன், அவ என் வீட்டுக்கு ஒரு தடவகூட வந்ததில்ல. பொய் சொல்றதுல நான் எக்ஸ்பர்ட். வீட்டுல பெயின்ட் அடிக்கிறாங்க, சொந்தக்காரங்க வந்திருக்காங்க, தம்பிக்கு அம்மை. தம்பிக்கு மட்டும் மூணு தடவ அம்மை போட்டுச்சு. எப்ப எந்தப் பொய் சொன்னேன்னு நோட்டு கடைசிப் பக்கத்துல குறிச்சு வச்சுக்கிற அளவுக்குப் போச்சு. அவளுக்கு எதுவுமே தெரியாம அழகா சமாளிச்சிட்டேன்னுதான் எண்ணம்.

நேத்து கேட்டேன், உனக்கு அப்ப என்ன தோணுச்சுன்னு. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னா: "எங்க வீடு சின்னது, நாங்க வசதி இல்லாதவங்க, அதனால உங்கம்மாவுக்கு நான் வர்றது பிடிக்கலன்னு நெனச்சேன்டி. நீ அத சொல்ல முடியாம பொய் சொல்றன்னு."

நாலு வருஷம் அவ இத மனசுல வச்சுக்கிட்டு என்கூட பழகியிருக்கா. என் வீட்டு மானத்த காப்பாத்தறேன்னு நான் சொன்ன ஒவ்வொரு பொய்யும் அவளுக்கு அவளப் பத்தின பதிலா போய்ச் சேந்திருக்கு. வீட்டுல ரெண்டு பேருக்கு நடுவுல அத்தன வார்த்தைய மாத்திக் கொடுத்த எனக்கு, இந்த ஒரு இடத்துல நான் சொல்றது அந்தப் பக்கம் என்னவா கேக்கும்னு தோணவே இல்ல.

உன் ஃப்ரெண்ட்ஸ் கூப்பிடுறத நிறுத்தினது உன்ன பிடிக்காமத்தான்னு நீ நெனைக்கிற. அவங்க உனக்கு அவங்கள பிடிக்கலன்னு நெனச்சிட்டிருக்க நெறைய வாய்ப்பு இருக்கு. கதையெல்லாம் சொல்ல வேணாம். "எங்க வீட்டுல நெலம சரியில்ல, அதான் கூப்பிட முடியல, உங்களால இல்ல." இந்த மூணு துண்டுல கடைசித் துண்டு ரொம்ப முக்கியம், அத விழுங்கிடாத.

ஜூலை 14, மாலை 6:05

ஆமாங்க, அந்த நோட்டு இன்னும் இருக்கு. இல்லங்க, படம் எடுத்துப் போட மாட்டேன்.

ஜூலை 15, காலை 7:30

வேற ஒரு பையன் கேட்டிருக்கான், அவங்க வீட்டுல கை நீட்டுறதும் உண்டாம், நடுவுல போய் நிக்கலாமான்னு. போகாதப்பா. நான் மேல எழுதின ரேடியோ, நோட்டு, மெதுவா சொல்றது, எதுவும் உன் கணக்குக்கு ஆகாது. தள்ளி வேற இடத்துக்குப் போ, சின்னவங்க இருந்தா அவங்களையும் கூட்டிட்டுப் போ, எந்த வீட்டுக்கு ஓடணும்னு இப்பவே முடிவு பண்ணி வச்சுக்கோ, ஃபோன் பண்ணு. நெறைய நாடுகள்ல குழந்தைகளுக்குன்னு இலவச உதவி எண் இருக்கு, நீ இருக்கிற நாட்டு எண்ண இப்பவே பாத்து மனப்பாடம் பண்ணிடு, ஃபோன்ல சேவ் பண்ணா ஃபோனப் பிடுங்கிட்டா போச்சு. இதுல ரகசியம் காக்கிற வேலையே வேணாம், பெரியவங்க எவ்வளவு பேருக்குத் தெரியுதோ அவ்வளவு நல்லது. 6ஆம் தேதி நான் எழுதின எச்சரிக்கை உனக்கு இல்ல.

ஜூலை 23, இரவு 9:40

கேள்வி கேட்ட பொண்ணு ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வரல. டெஸ்ட்டா இருக்கும்னு நெனச்சுக்கிறேன். ஒரு நாளைக்கு நாலு தடவ வந்து பாக்கிறேன், பழைய வியாதி, காது இங்க வாசல்ல வந்து உக்காந்துடுச்சு.

அந்த ஃப்ரெண்ட் இந்த ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்கு வரா. முதல் தடவ. காலைலருந்து வீட்ட துடைச்சிட்டிருந்தேன், இன்னிக்கு புதன்கிழமைதான்.

ஜூலை 26, இரவு 11:15

கேள்வி கேட்ட பொண்ணு வந்துட்டா. அவ எழுதினது இதுதான், அப்படியே போடறேன்:

"அக்கா, அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்கன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். அப்பா ஒரு மாதிரி பாத்துட்டுப் போயிட்டார். அப்புறம் ஒரு பேப்பர்ல எழுதி டேபிள்ல வச்சிட்டார், அம்மா அதுக்குக் கீழயே பதில் எழுதியிருக்காங்க. இப்ப ரெண்டு நாளா அந்தப் பேப்பர்தான் போயிட்டு வருது. நான் கெமிஸ்ட்ரி படிக்கிறேன். ஃப்ரெண்ட்கிட்ட மூணாவது துண்ட மட்டும்தான் சொல்ல முடிஞ்சது."

பதில் எழுத நாலு தடவ டைப் பண்ணி நாலு தடவ அழிச்சேன். போதும்மா, அந்த ஒண்ணு போதும். படி.